கோடம்பாக்கத்துக்கு ரயில் இல்லை

ஜூன் 7, வெள்ளி

மறுபடியும் போட்டுவிட்டான். பேப்பரின் ஆறாம் பக்கத்தில், மூலையில், கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்குக் கீழே. பராமரிப்புப் பணி காரணமாக ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலை வரை கடற்கரை - தாம்பரம் இடையே மின்சார ரயில்கள் ரத்து. பயணிகளின் சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். அப்படி வருந்துகிறவன் முகத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் எனக்கு.

தண்டவாளத்துக்கு என்ன, வாராவாரம் எண்ணெய்க் குளியலா? எங்கள் கம்பெனியில் காருக்கு ரப்பர் ஹோஸ் செய்கிறோம். தரம் பார்த்து, சொத்தையை ஒதுக்குவது என் வேலை. ஒரு மெஷினை வாராவாரம் பிரித்துப் போட்டால் மேனேஜர் எங்களைப் பிரித்துப் போட்டுவிடுவார். ரயில்வேயைக் கேட்க ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை மகள் சம்யுக்தா என்னோடு இருக்க வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. கோடம்பாக்கம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் முன்னால் அவள் அம்மா வசுமதி அவளைக் கொண்டுவந்து விட வேண்டும். இடம் சொன்னது நான்தான். மாமனார் இருக்கும் தெருவில் கால் வைக்க மாட்டேன் என்று நீதிபதி முகத்துக்கு நேராகவே சொன்னேன். ரயிலை நம்பித்தான் கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனை ஒட்டினாற்போல வீடு பார்த்துக் குடிவந்தேன்.

சாயங்காலம் சம்யு போன் செய்தாள். வெள்ளிக்கிழமையானால் தவறாமல் செய்துவிடுவாள். எடுத்ததும் ஒரே கேள்விதான்.

"இந்த வாரம் ட்ரெயின் இருக்காப்பா?"

"இல்லம்மா. நாசமாப் போறவனுங்க ரத்து பண்ணிட்டானுங்க."

"ஓ" என்றாள். பிறகு, "சரிப்பா" என்றாள். பதிமூன்று வயசுக் குழந்தை, வாரம் முழுக்க அப்பாவுக்காக நாள் எண்ணிவிட்டு ஏமாந்து போகிறது. வயிறு எரிகிறது.

ஜூன் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. அதுவும் ரயில்வே கணக்கில்தான்.

கூடுவாஞ்சேரி டிக்கெட் கவுண்டரில் போய்ச் சண்டை போட்டேன். "தாம்பரம் வரைக்கும் வண்டி ஓடுது சார், அங்கேர்ந்து பஸ் புடிச்சுப் போங்க, எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றான். எல்லாரும் போனால் நானும் போக வேண்டுமா? கோர்ட் உத்தரவில் ரயில் நிலையம் என்று இருக்கிறது. சீசன் டிக்கெட் என் பாக்கெட்டில் இருக்கிறது. தப்பு அவர்கள் மேல். நான் எதற்காகப் பஸ்ஸில் தொங்க வேண்டும்?

ஜூன் 16, ஞாயிறு

ரயில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை அட்டவணை என்று பாதி வண்டியை விழுங்கிவிட்டு மீதியை விடுகிறான், ஆனாலும் ஓடியது.

வசுமதி கவுண்டர் முன்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கே ஒரு வழக்குப் போடலாம். சம்யுவின் முதுகைத் தட்டி என் பக்கம் அனுப்பிவிட்டுப் போய்விட்டாள்.

மாலுக்குக் கூட்டிப் போனேன். சினிமாவில் இடைவேளைக்கு முன்பே பெண் தூங்கிவிட்டாள். அந்த வீட்டில் குழந்தையை நேரத்துக்குத் தூங்கவிடுகிறார்களா இல்லையா? சாப்பிடும்போது ஸ்லீவை மடித்தாள். இரண்டு முன்கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. பட்டையாகக் கன்றிப் போயிருக்கிறது. என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா" என்று ஸ்லீவை இறக்கிக்கொண்டாள். அவள் மேல் வலித்தைல வாடை வேறு.

எனக்கு வந்த கோபத்தில் தோசை இறங்கவில்லை. வசுமதி அடிக்கிறாள். வேறு என்ன? அவள் கை நீளும் என்று நான் நினைத்ததில்லை. அவள் அப்பா, அந்தக் கிழவரோடு இருந்து இருந்து அவளும் இப்படி ஆகிவிட்டாள் போலிருக்கிறது.

ரயில் நிலையத்துக்குத் திரும்பும்போது சம்யு கேட்டாள். "அப்பா, என்னைக்காவது ஒரு நாள் கொஞ்சம் லேட்டா வரலாமா? மத்தியானத்துக்கு மேல?"

"ஆறு மணி நேரம்தான் கோர்ட் குடுத்திருக்கு. அதுல ஒரு நிமிஷம் விட மாட்டேன். உங்கம்மா கேக்கச் சொன்னாளா?"

"இல்லப்பா, சும்மா."

சும்மாவாம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாதா!

ஜூன் 17, திங்கள்

வக்கீல் ரெஜினா மேடத்துக்குப் போன் செய்து தடிப்பு விஷயத்தைச் சொன்னேன். "நல்லா யோசிச்சுட்டுச் சொல்லுங்க சார், எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாது" என்றார். எழுதுங்கள் என்றேன். கூடவே இன்னொன்றும். ரயில் ரத்தாகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் பதிலாக அடுத்த சனிக்கிழமை எனக்கு வேண்டும். ரயில்வே திருடுவதை வசுமதியிடமிருந்து வசூலிப்பேன்.

ஜூன் 21, வெள்ளி

மறுபடியும் ரத்து. இந்தத் தடவை சிக்னல் வேலையாம்.

சம்யு போன் செய்தபோது சொன்னேன். அவளுக்கு மூச்சு நின்று வந்தது போல ஒரு சத்தம். அழுகையை அடக்குகிறாள். பின்னாலேயே யாரோ ஒரு பெண் "ஏய், சூப்பர்டீ" என்று கத்தினாள். டி.வி.யாக இருக்கும். குழந்தை இந்தப் பக்கம் உடைந்து போகிறது, அந்த வீட்டில் டி.வி. ஓடுகிறது.

"அழாதடா, சனிக்கிழமையும் வர்ற மாதிரி அப்பா கோர்ட்ல கேட்டிருக்கேன்" என்றேன்.

"சனிக்கிழமையுமா?" என்றாள். நம்பவே முடியவில்லை அவளால்.

ஜூன் 23, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. படுத்துக் கிடந்தேன்.

ஜூன் 28, வெள்ளி

மனு தாக்கலாகிவிட்டது. ஜூலை 18 விசாரணை. ரெஜினா மேடம் ஆபீஸில் ஒரு மணி நேரம் காக்கவைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"பஸ்ல வந்திருக்கலாமேன்னு ஜட்ஜ் கேட்டா என்ன சார் சொல்லுவீங்க?"

"ஏன் வரணும்னு கேப்பேன்."

"அதைக் கேட்டீங்கன்னா கேஸ் அன்னைக்கே முடிஞ்சுது. ஒரு தடவை பஸ்ல போய்ப் பாருங்க. எத்தனை பஸ் மாறணும், எவ்வளவு நேரம் ஆகுதுன்னு டிக்கெட்டோட காட்டணும். பெத்தவன் இவ்வளவு அலைய முடியுமான்னு நாம கேக்கலாம்."

அந்த அம்மாவுக்கு மூளை இருக்கிறது. எரிச்சலாக இருந்தாலும் ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் உண்டு. சம்யுவிடம் சொன்னதும் "சரிப்பா" என்றாள். ஒரே வார்த்தை, வைத்துவிட்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

வந்தாள். கடற்கரைக்குப் போனோம். சுண்டல் வாங்கித் தந்தேன். நாலு பிள்ளைகள் மணலில் பந்து தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலில் நிற்காதே என்று இழுத்து வந்தேன்.

கையில் தடிப்பு இன்னும் போகவில்லை. அவளுக்குத் தெரியாமல் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜூலை 5, வெள்ளி

ரத்து. முதல் தடவையாக அந்தச் செய்தியைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். பஸ்ஸில் போய்ச் சாட்சி சேர்க்க இதைவிட்டால் வேறு ஞாயிறு கிடையாது.

சம்யு கேட்டபோது ரயில் இல்லை என்று மட்டும் சொன்னேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் வசுமதி குழந்தைக்கு முழுக்கை மாட்டி, பவுடர் பூசித் தயாராக நிறுத்தியிருப்பாள். சொல்லாமல் போய் நின்றால்தான் அந்த வீட்டு லட்சணம் தெரியும்.

ஜூலை 7, ஞாயிறு

தாம்பரம் வரை ரயில். அங்கே இறங்கினால் ஊரே ரோட்டில் நிற்கிறது. கல்யாணத்துக்குப் பட்டுப் புடவையில் ஒரு குடும்பம், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன், சீர்வரிசைத் தட்டோடு ஒரு பெரியம்மா. முதல் பஸ்ஸில் ஏற முடியவில்லை. இரண்டாவதில் ஒற்றைக்காலில் நின்றேன். என் கால் மேல் ஒருவர், அவர் கால் மேல் இன்னொருவர். யாருக்கும் கோபம் வரவில்லை. "இன்னைக்கு ட்ரெயின் இல்லல்ல" என்று சிரித்துக்கொள்கிறார்கள். அதுதான் எனக்குக் கோபம். வடபழனியில் இறங்கி ஷேர் ஆட்டோ. டிக்கெட்டுகளைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தேன்.

கோடம்பாக்கம் ஸ்டேஷன் வெறிச்சோடிக் கிடந்தது. தண்டவாளத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தார்கள். பிளாட்பாரத்தில் நின்று கத்தினேன். "எப்பத்தான்யா முடிப்பீங்க? மனுஷனுக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு வேணாமா?"

ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்களுக்கும் இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதான் சார்" என்றார். மறுபடி குனிந்துவிட்டார்.

அந்தக் கடுப்போடு, வைக்க மாட்டேன் என்று சொன்ன தெருவில் கால் வைத்தேன். வசுமதிதான் கேட்டைத் திறந்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ட்ரெயின் இல்லையே, எப்படி வந்தீங்க?"

"பஸ்ல. சம்யுவக் கூப்பிடு."

"அவ வீட்ல இல்ல."

"என் நேரத்துல எம் பொண்ண எங்க அனுப்பி வச்சிருக்க? இதையும் கோர்ட்ல சொல்றேன் பாரு."

"சொல்லுங்க. நான் அடிக்கறேன்னு எழுதியிருக்கீங்களே, நோட்டீஸ் வந்துச்சு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க." அவள் குரல் ஏறவில்லை. எப்போதுமே ஏறாது, அதுதான் எனக்குப் பிடிக்காது. "கார்ப்பரேஷன் கிரவுண்டுல இருக்கா. தெருக்கோடில வலது கைப் பக்கம். யாரு அடிக்கறாங்கன்னு நீங்களே போய்ப் பாருங்க."

போனேன். சுவருக்கு வெளியிலேயே விசில் சத்தம் கேட்டது. உள்ளே வாலிபால். நீல பனியனில் ஆறு பெண்கள், எதிரே மஞ்சள். நீலத்தில் நடுவில் நின்றவளைச் சட்டென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. முட்டியை மடக்கி, இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, அறைந்து வந்த பந்தை முன்கையில் வாங்கித் தூக்கினாள். அந்தச் சத்தம் எனக்கு உள்ளே விழுந்தது. அடுத்த பந்தையும் அதே இடத்தில் வாங்கினாள். "சம்யூ, சம்யூ" என்று சுற்றி நின்ற பிள்ளைகள் கத்தினார்கள். அவள் சிரித்தாள். ஆறு மாதமாக ஞாயிறுதோறும் பார்க்கிறேன், அந்தப் பல்லை நான் பார்த்ததில்லை.

பிறகு என்னைப் பார்த்துவிட்டாள்.

அவள் போட்ட சர்வீஸ் நெட்டிலேயே விழுந்தது. கோச்சிடம் கை காட்டிவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். வேர்வை வழிகிறது.

"ட்ரெயின் இல்லன்னு போட்டிருந்தாங்களேப்பா?"

அந்த முகத்தை எப்படி எழுதுவது? பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட முகம். வெள்ளிக்கிழமைதோறும் அவள் என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அந்த இடத்தில், அந்த வெயிலில்தான் எனக்குப் புரிந்தது.

"பஸ்ல வந்தேன்" என்றேன்.

"ஒரு நிமிஷம்ப்பா. பையை எடுத்துட்டு வந்துடறேன்."

கோச் அம்மா பின்னாலேயே வந்தார். "சார், இன்னும் ஒரு செட்டுதான் சார். அவளை விட்டா ரிசீவ் பண்ண ஆளில்ல. மாவட்ட டீமுக்கு இதைப் பார்த்துதான் எடுக்கறோம். அப்பா வர்ற ஞாயித்துக்கிழமையெல்லாம் லீவு போட்டுடறா, வந்த அன்னைக்காவது முழுசா ஆடட்டுமே."

விளையாடு, நான் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மூன்று வண்டி மாறி, கால் மிதிபட்டு வந்தவனுக்கு, இத்தனை பேர் என்னை வில்லனைப் போலப் பார்க்கும்போது, வேறு வார்த்தைதான் வந்தது.

"இது கோர்ட் குடுத்த டைம் மேடம்" என்றேன். கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹோட்டலில் அவள் ஒரு இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். மாலையில் வசுமதியிடம் விட்டேன்.

ஜூலை 8, திங்கள்

பஸ் டிக்கெட்டுகளைக் கிழித்துப் போட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

ரெஜினா மேடத்திடம் தடிப்பு விஷயத்தை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்றார். என்னுடைய தப்பான அபிப்பிராயம் என்றேன். மனுவில் எழுதியதை அழிக்க முடியாது, வற்புறுத்தாமல் விடலாம் என்றார். சனிக்கிழமையை மட்டும் விடாதீர்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. கேட்டதைத் திரும்ப வாங்கிப் பழக்கமில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ரயில் ஓடியது. சம்யு வந்தாள். முன்கையில் சிவப்பு இல்லை. சுத்தமாக, வழவழவென்று இருந்தது.

"விளையாடப் போகலையா?"

"கோச் கொஞ்ச நாள் வெளில உக்காரச் சொல்லிட்டாங்கப்பா. பரவாயில்ல."

என்ன வேண்டுமானாலும் சாப்பிடு என்றேன். பசிக்கவில்லை என்றாள்.

ஜூலை 18, வியாழன்

கோர்ட். மின்விசிறி சுற்றுகிறதே தவிரக் காற்று இல்லை. எங்கள் பெயரைக் கூப்பிட மதியமாகிவிட்டது.

நீதிபதி அம்மா மனுவைப் புரட்டிவிட்டு சம்யுவை மேசைப் பக்கம் கூப்பிட்டார்.

"கைல என்னமோ காயம்னு அப்பா எழுதியிருக்காரே?"

"வாலிபால் மேடம். ஸ்கூல்ல."

"ட்ரெயின் இல்லாம அப்பா வராத ஞாயித்துக்கிழமை என்னம்மா பண்ணுவே?"

இதோ சொல்லப்போகிறாள், முடிந்தது என்று நினைத்தேன். வசுமதி வாயைத் திறந்தாள். சம்யு அம்மாவின் கையைப் பிடித்து அழுத்துவதை நான் பார்த்தேன்.

"வெயிட் பண்ணுவேன் மேடம். அடுத்த வாரம் வருவார்ல."

"சனிக்கிழமை அப்பாவோட இருக்கச் சம்மதமா?"

"சம்மதம் மேடம்."

என் பக்கம் திரும்பவே இல்லை. ரயில் ரத்தாகும் ஞாயிற்றுக்குப் பதிலாக அடுத்த சனிக்கிழமை, மனு அனுமதிக்கப்படுகிறது என்று உத்தரவு ஆயிற்று. எதிர்த்தரப்புக்கு ஆட்சேபணை இல்லையாம். "ஜெயிச்சுட்டீங்க சார்" என்று ரெஜினா மேடம் கை கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் வசுமதி நின்றாள். சம்யு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லணும்னுதான் வந்தேன். அவதான் வேணாம்னுட்டா" என்றாள். "ஞாயித்துக்கிழமையை விட்டா அப்பாவுக்கு வேற என்னம்மா இருக்குன்னு கேக்கறா."

"உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, உட்காராமல் கதவோரம் நின்றே வந்தேன்.

ஜூலை 26, வெள்ளி

கம்பெனியில் இருக்கும்போது வசுமதியிடமிருந்து ஒரே வரியில் மெசேஜ். ஞாயிறு காலை மாவட்ட டீமுக்குத் தேர்வு, சம்யுவுக்குக் கடைசி வாய்ப்பு, அவள் உங்களிடம் கேட்க மாட்டாள்.

வரும் வழியில் பேப்பர் வாங்கினேன். ஆறாம் பக்கம், அஞ்சலி விளம்பரம், மூலை. இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விளையாட்டுச் செய்தி உட்படத் தேடினேன். வேறு இரண்டு பேப்பர் வாங்கிப் பார்த்தேன். வாராவாரம் தோண்டிக்கொண்டிருந்த பாவிகள், வேண்டும் என்கிற வாரம் வேலையை முடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் சம்யு போன் செய்யவில்லை. பேப்பரை அவளும் பார்த்திருப்பாள்.

ஜூலை 28, ஞாயிறு

காலையிலேயே குளித்து, சட்டை மாட்டி, செருப்பையும் போட்டுக்கொண்டுதான் போன் செய்தேன். அவளே எடுத்தாள்.

"சம்யு, இன்னைக்கு ட்ரெயின் இல்லடா."

"பேப்பர்ல போடலையேப்பா?"

"திடீர் வேலையாம். ஸ்டேஷன்ல போர்டு வச்சிருக்கான். எவன் சொல்லிட்டுச் செய்யறான்?"

"பஸ்..."

"பஸ்ல எல்லாம் என்னால தொங்க முடியாது. அன்னைக்குப் போயிட்டு வந்து ரெண்டு நாள் முட்டி வலி."

"அப்போ சனிக்கிழமை வரணுமாப்பா?"

"சனிக்கிழமை எனக்கு டூட்டி போட்டுட்டான். நீ உன் வேலையைப் பாரு."

அந்த நேரம் பார்த்து ஸ்டேஷன் ஒலிபெருக்கி அலறியது. ஜன்னலைச் சாத்த எழுந்தேன், அதற்குள் அது முழுவதையும் சொல்லிவிட்டது. செங்கல்பட்டிலிருந்து சென்னை கடற்கரை வரை செல்லும் மின்சார ரயில் இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும். தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை.

"அது என்னப்பா?"

"பழைய டேப்பை ஓட விட்டிருக்கான். இவனுங்களுக்கு ஒரு வேலையும் ஒழுங்காத் தெரியாது."

அந்தப் பக்கம் பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

"தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

வைத்த பிறகு ஜன்னலைத் திறந்தேன். ரயில் வந்து நின்றது. பெட்டியெல்லாம் காலி, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அது கிளம்பிப் போன பிறகுதான் செருப்பைக் கழற்றினேன்.